தலை எடுத்த அரசியும் வராத அக்காவும்

போன சித்திரையில், மகளின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில், என் ஒரே அக்கா வரமாட்டேன் என்றுவிட்டார். அழைப்பிதழை நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியதுதான் குற்றம். மகளுக்கு மாமி அவர்தான்; அவர் வராமல் ஆராத்தி யார் எடுப்பது? அக்கா ஊரில் சித்திரம் படிப்பித்தவர். படம் என்றால் பகையாளியோடும் வருவார். ஆகவே பழைய கையெழுத்துப் புத்தகங்களின் ஓவியக் கண்காட்சிக்குக் கூப்பிட்டேன். லண்டனில் இதற்கு என்னைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

செவன் கிங்ஸில் காலை 10.05 ரயில். பாரிங்டனில் மாறி, கிங்ஸ் குரோஸில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் கண்காட்சி. மொத்தம் முக்கால் மணி நேரம். அனுமதி இலவசம். லூயிஷாமிலிருந்து வந்த அக்கா எனக்கு முதலே வாசலில் நின்றார். தலையை மட்டும் அசைத்தார்.

உள்ளே அரை இருட்டு. வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடுமாம். கன்றுத் தோலில் எழுதிப் பொன் ஒட்டிய பக்கங்கள். ஒரு பக்கத்துப் பொன்னில் ஐந்து பவுண் தாலிக்கொடி செய்யலாம் என்று நான் விளக்க, காவலுக்கு நின்ற வெள்ளைக்காரரும் காது கொடுத்தார். பழிவாங்கும் அரசிகள் வரிசையாக இருந்தார்கள்: நஞ்சு கலக்குபவள், கோட்டையைக் கொளுத்துபவள், கடைசியில் தன் மகனைக் கொன்ற மன்னனின் தலையை இரத்தம் நிறைந்த தோற்பைக்குள் இறக்குபவள். அவள் முகத்தில் கோபமே இல்லை. தோசைக்கு மா கரைக்கிற முகம். இவள் யானைப்படையோடு வந்தவள் என்று தொடங்கினேன்.

"படத்தில யானை எங்கையடா?" அக்கா அன்று பேசிய முதல் வார்த்தை. பிறகு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடியே சொன்னார்: "பிள்ளையைக் கொன்றவன்ர தலையை இவள் எடுத்தவள். நான் தலை கேக்கேல்லைத் தம்பி. நீயும் மனிசியும் வீட்டை வந்து ஒரு சொல் சொல்லியிருந்தாக் காணும்."

அந்தக் காலத்தில் அரசிகளுக்கும் ஓலைதானே போனது என்றேன்.

"ஓலை கொண்டு போனவன் படியேறித்தான் குடுத்தவன்."



அன்று பின்னேரமே மனைவியோடு புறப்பட்டு, ஸ்ட்ராட்போர்டில் டி.எல்.ஆர். ரயிலுக்கு மாறி, ஒரு மணி நேரத்தில் லூயிஷாம் போனேன். வாசலில் நின்று, இரண்டு கையாலும் அழைப்பு அட்டையை நீட்டி, முறைப்படி கல்யாணத்துக்குச் சொன்னேன். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டு, முதன்முதலாகப் பார்ப்பதுபோல் முழுவதும் வாசித்தார்.

"முகூர்த்தம் ஒன்பதரைக்கோ? அப்ப நான் ஆறுக்கே நிப்பன். ஆராத்தித் தட்டை வேற ஆரிட்டையும் குடுத்திடாதை."

போக விரும்புபவர்கள் காலையிலேயே போங்கள், மத்தியானம் கூட்டம். உள்ளே குளிரும், சுவெட்டர் தேவை. வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் முதலில் அக்கா வீட்டுக்குப் போங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அரசிகள் காத்திருப்பார்கள். அக்கா காத்திருக்க மாட்டார்.