வெந்நீர்த் துணி

கடைத்தெருவில் அவளுக்கு அசலக்கா என்று பெயர். நாற்காலிக்கும் அலமாரிக் கதவுக்கும் வேண்டிய பிரம்புப் பின்னலை, கேட்ட அகலத்தில் நெய்யச் சொல்லி வரவழைத்துக் கொடுப்பது அவள் தொழில். படியேறி வருகிறவர் யாரானாலும் சரி, முதலில் இரண்டு சுருள்களை எடுத்து அவர் மடியில் போடுவாள்.

"இது அசல் பிரம்பு. இது பிளாஸ்டிக். ரெண்டும் நல்லதுதான். வெயில்லயும் மழையிலயும் கெடக்கப்போற சேருக்கு பிளாஸ்டிக் எடுங்க, வீட்டுக்குள்ள இருக்குறதுக்கு அசல் எடுங்க. எதை எடுத்தாலும் எதுன்னு தெரிஞ்சு எடுங்க."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே பெரிய கடைகளைத் தாண்டி அவளிடம் வந்தவர்கள் உண்டு. வாய் கொஞ்சம் நீளம்தான். நாற்காலியின் நடு ஓட்டையை மட்டும் அளந்துகொண்டு வந்து நிற்பவரை விடமாட்டாள். "ஏங்க, பின்னலோட ஓரம் சட்டத்துல வெட்டின காடிப் பள்ளத்துக்குள்ள இறங்கி உக்கார வேணாமா? அதுக்கு மிச்சத்த யாரு தருவா, உங்க மாமியாரா?" என்பாள். திட்டு வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டே போய் மறுபடி அளந்து வருவார்கள்.

கணவன் இறந்தபோது அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அந்தப் பெண்குழந்தை பின்னல் சுருள்களுக்கு நடுவில்தான் தவழ்ந்தது. பல் முளைக்கும்போது பிரம்பு நுனியைத்தான் கடித்தது. பேச்சு வந்த கொஞ்ச நாளில், கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தே "இது அசல், இது பிளாஸ்டிக்" என்று சொல்லிவிடும். வந்தவர்கள் கைதட்டுவார்கள். தாயின் உள்ளம் பூரித்துப்போகும்.

அந்தப் பெண் வளர்ந்தாள், ஓர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரின் வீட்டுக்கு மருமகளாகப் போனாள். சம்பந்தி தங்கமான மனிதர். மனைவியை இழந்தவர். கல்யாணமாகிக் கொஞ்ச நாளில், ஓர் ஆடும் நாற்காலியைத் தோளில் சுமந்துகொண்டு கடைக்கு வந்தார். அவர் மனைவி உட்கார்ந்து உட்கார்ந்தே கிழிந்துபோன நாற்காலி அது.

"எதுல போடுவீங்க, எப்படிப் போடுவீங்கன்னு நான் கேக்கவே மாட்டேன் சம்பந்தியம்மா. உங்க கை பட்டா போதும்," என்றார்.

சாதாரண நாற்காலியைவிட அகலமான சட்டம். கடையில் இருந்த எந்தச் சுருளும் போதாது. தனியாக நெய்யச் சொல்ல வேண்டும். அவள் காடி முதல் காடி வரை அளந்து, ஓரத்துக்கும் சேர்த்து, சுவரில் சாக்கட்டியால் எழுதி வைத்தாள். அந்த வாரமே ஒரு விடுதிக்காரர் வந்து, வராந்தா நாற்காலிகள் அத்தனைக்கும் பிளாஸ்டிக் பின்னல் கேட்டார். அகலச் சுருள்கள் வந்து கடையை அடைத்தன. சுவரில் எழுதியது அந்தச் சுருள்களுக்குப் பின்னால் மறைந்துபோயிற்று. அவள் மனத்திலிருந்தும்தான்.

சம்பந்தி மறுநாள் வருகிறார் என்று மகள் போனில் சொன்னபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூலையில் அந்தச் சட்டம் எலும்புக்கூடு மாதிரி நின்றது.

'மறந்துட்டேன் சம்பந்தி, மன்னிச்சிடுங்க' என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டுக் காரியத்தை மறப்பதா? 'இவ்வளவுதான் இவங்க மரியாதை' என்று நினைத்துவிட்டால், அங்கே வாழவேண்டியவள் அவள் மகள் அல்லவா? விடுதிக்கு வந்த சுருளில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. நல்ல தேன் நிறம். அதை வெட்டி, கடையில் பின்னலைச் சட்டத்தில் அடித்துக் கொடுக்கும் தச்சரிடம் நீட்டினாள்.

தச்சர் அதை விரலால் சுண்டிப் பார்த்தார். "என்னக்கா, இதை ஊறப்போடணுமா, வேணாமா?"

அது குத்தல். அசல் பிரம்பைத்தான் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு சட்டத்தில் இறக்குவார்கள். காய்ந்ததும் அது தானாக இழுத்துக்கொண்டு விறைப்பாக நிற்கும். பிளாஸ்டிக்குக்கு அந்தக் குணம் கிடையாது.

"அடிங்கன்னா அடிங்க," என்றாள் அவர் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் சம்பந்தி வந்து நாற்காலியைத் தடவினார். கண் கலங்கிவிட்டது. சொன்னபடியே எதையும் கேட்கவில்லை. கேட்காதவரிடம் அவளாகவே சொன்னாள்: "அசல் பிரம்பு சம்பந்தி." சொன்ன பொய்க்குப் பொட்டும் வைத்தாள். "தொய்ஞ்சா பயப்படாதீங்க. வெந்நீர்ல துணிய நனைச்சு அடிப்பக்கமா ஒத்துங்க. நிழல்ல காயவிட்டா இழுத்துக்கும்."

நாற்காலி போய்விட்டது. அன்றிலிருந்து "எதுன்னு தெரிஞ்சு எடுங்க" என்று சொல்லும்போதெல்லாம் வந்தவர் முகத்தைப் பார்க்காமல் சுருளைப் பார்த்தாள். மகள் வீட்டுக்குப் போவதைத் தள்ளிக்கொண்டே வந்தாள். "என்னம்மா, நான் அவ்வளவு தூரத்துலயா இருக்கேன்?" என்று மகள் கேட்டாள். கேட்ட குரலில் சிரிப்பில்லை.

ஒருநாள் போகவேண்டியதாயிற்று. மகள் உண்டாகியிருந்தாள். பார்க்காமல் இருக்க முடியுமா?

கூடத்தில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆடும் நாற்காலி தலைகீழாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் சம்பந்தி மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் துணி. பக்கத்தில் ஆவி பறக்கும் பாத்திரம். ஒரு குழந்தைக்கு உடம்பு துடைக்கிற பதத்தில் அந்தப் பின்னலை ஒத்தி ஒத்தி எடுத்துக்கொண்டிருந்தார். நீர், முத்து முத்தாக நின்று தரையில் சொட்டியது. பின்னல் ஒரு சொட்டைக்கூடக் குடிக்கவில்லை.

"வாங்க, வாங்க சம்பந்தியம்மா! நல்ல நேரத்துல வந்தீங்க," என்று முகம் மலர்ந்தார். "நீங்க சொன்னபடிதான் செய்றேன். என்னமோ எனக்குப் பக்குவம் வரல. தண்ணி சூடு பத்தலையோ?"

சோபாவில் பக்கத்து வீட்டுக்காரர் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இவரு வாரா வாரம் இதுக்கு ஒத்தடம் குடுக்குறாரும்மா. எங்க வீட்ல எனக்கு முதுகு வலின்னா ஒரு ஆள் குடுக்க மாட்டேங்குது! அசல் அசல்னு பெருமை வேற. தொட்டில் மாதிரி தொங்குது, பாருங்க."

"பின்னலை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றார் சம்பந்தி வெடுக்கென்று. "அது முதல் தரம். தப்பு என் கையில. ஸ்டீயரிங் பிடிச்ச கைக்கு இந்த நாசூக்கு எங்க வரும்? எங்க சம்பந்தியம்மா வாய்ல பொய் வராது. இந்த ஊரே சொல்லும்."

அசலக்காவின் காது மடல்கள் தீயாக எரிந்தன. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. உதவிக்குத் தேடுவதுபோல மகளைப் பார்த்தாள். சமையலறை வாசலில் மகள் நின்றாள். அவள் கையில் இன்னொரு பாத்திரம் வெந்நீர்.

தாய் மகளின் கண்களைப் பார்த்தாள். மகள் தன் விரல்களைப் பார்த்தாள். அவ்வளவுதான். கண்ணை மூடித் தடவியே கண்டுபிடித்த விரல்கள் அல்லவா அவை! நாற்காலி வந்த அன்றே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே, அம்மாவின் மானத்தைக் காப்பாற்ற, வாரம் தவறாமல் வெந்நீர் வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், பாவி மகள்!

"அப்போ எனக்கும் இதே அசல்ல ரெண்டு சேருக்குப் போட்டுக் குடுங்க," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "தொங்கினா ஒத்தடம் குடுக்க இவரையே கூப்பிட்டுக்குறேன்."

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. சம்பந்தியின் கையிலிருந்த துணியைப் பறித்தாள்.

"போதும் சம்பந்தி! இது பிரம்பே இல்ல. பிளாஸ்டிக். நீங்க கடலையே காய்ச்சி ஊத்தினாலும் இது இழுத்துக்காது. உங்க சேருக்குச் சொல்லி வைக்க மறந்துட்டேன். மறந்துட்டேன்னு சொல்ல வெக்கப்பட்டு, இதைப் போட்டுக் குடுத்துட்டேன்."

பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டிய கால் நின்றுவிட்டது. "நான் அப்புறமா வர்றேன்," என்று முனகி, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியேறினார்.

சம்பந்தி அவளைப் பார்க்கவில்லை. மருமகள் பக்கம் திரும்பினார். "உனக்கு இது தெரியுமாம்மா?"

"அவளுக்குத் தெரியாது சம்பந்தி!" என்று தாய் அலறினாள். அவசரத்தில் இன்னொரு பொய்.

"தெரியும் மாமா," என்றாள் மகள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. "வந்த அன்னைக்கே தெரியும். அம்மாவ விட்டுக்குடுக்க மனசு வரல. ஒவ்வொரு தடவையும் தண்ணி காய வைக்கிறப்ப செத்துச் செத்துப் பொழச்சேன்."

அவர் கோபப்பட்டிருக்கலாம். நாலு வார்த்தை கேட்டிருந்தால் அசலக்காவுக்கு மூச்சாவது வந்திருக்கும். அவர் எழுந்து, மருமகள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கினார். "புள்ளத்தாச்சி, சூடா இருக்கறத ஏன் தூக்குற?" என்று மட்டும் சொன்னார். முற்றத்துக்குப் போய் அந்த வெந்நீரைக் கொட்டினார். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

நாற்காலியை அசலக்கா தானே தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தாள். யாரோ ஆட்டோவை நிறுத்திக் கேட்டார்கள். வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் சுமந்த சுமைதானே, அவளும் சுமக்கட்டும்!

கடைக்குப் போனதும் முதல் வேலையாக நெசவுக்காரருக்குப் போன் செய்தாள். அகலம், காடிக்குள் இறங்கும் ஓரம், பின்னல் கண்ணின் அளவு, அசல் பிரம்பு என்று ஒவ்வொன்றையும் சொல்லி, சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். சுருள் வந்து சேர்ந்ததும் சம்பந்திக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் வருவாரா என்று படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தார். "வாங்க சம்பந்தி," என்றாள். தலையசைத்தார். அவர் மடியில் சுருளை வைத்தாள்.

"இது எதுல செஞ்சது?" என்று கேட்டார் அவர்.

எந்த வாடிக்கையாளரும் கேட்கிற கேள்விதான். எந்தக் கேள்வியும் கேட்க மாட்டேன் என்று இதே படியில் நின்று சொன்ன மனிதர் கேட்டார். அவள் உடம்பு கூனிக் குறுகியது.

"அசல் பிரம்பு," என்றாள். அந்தச் சொல் அவள் காதுக்கே யாரோ சொன்னதுபோல் கேட்டது.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். சுருளைத் தூக்கி, பிரம்பு ஊறப்போடும் தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தி, முழங்கை நனைய அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது தண்ணீரைக் குடித்து, நிறம் கறுத்து, விரலுக்கு வளைகிற வரைக்கும் கையை எடுக்கவே இல்லை. அவள் தலை குனிந்தபடி, துடைக்கத் துணியோடு பக்கத்தில் நின்றாள்.