மழைக்குக் கரையாத குங்குமம்

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு சாமியை உண்டாக்கினேன். பக்தியால் அல்ல, மூத்திர நாற்றத்தால்.

சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் என் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, பேனர், பிறந்தநாள் அட்டை. பின்கதவைத் திறந்தால் சந்து. சந்தில் சாக்கடை ஓரமாக முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. அவசரம் வந்தவர்கள் எல்லாம் அந்தக் கல்லைத்தான் தேடிப் போனார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. எனக்கே ஒரு நாள் அவசரம் வந்திருக்கிறது. 'அபராதம்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். அழகான எழுத்து, நல்ல தாள். அதன் மேலேயே போனார்கள்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. பேனர் அச்சடிக்கிற வெள்ளை மையால் கல்லின் நெற்றியில் மூன்று கோடு இழுத்தேன். நடுவில் சிவப்பு மையால் பெரிய பொட்டு. ஒரு வாரத்தில் சந்து சுத்தம். இரண்டாவது வாரம் யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மூன்றாவது வாரம் மாலை விழுந்தது. அதற்குப் பிறகு சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு முன்னால், கடை திறக்கும் முன் போய் மையைப் புதுப்பித்துவிட்டு வருவேன். அவ்வளவுதான் என் திருப்பணி.

சந்து முனையில் பூக்கடை வைத்துக் குங்குமமும் விற்கும் அக்காதான் அந்தச் சாமிக்கு எல்லாம். அவர் அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அக்கா இந்த ஊரிலேயே பிறந்து, இந்தத் தெருவிலேயே பூக்கட்டி, அறுபத்தைந்து வயதுக்கு வந்தவர். மகளுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த அன்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மகள் பிழைத்தாள். அன்றிலிருந்து தினமும் விளக்கு. அந்த விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் பின்கதவைச் சாத்திவிடுவேன். பிறகு டீ குடித்தால் சரியாகிவிடும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். வங்கியில் வேலையாம். லீவு போட்ட நாட்களில் ஊரிலுள்ள பழைய கற்களைத் தேடிப் பதிவு செய்கிற ஒரு தன்னார்வக் குழுவில் இருக்கிறாராம்.

"அங்கிள், இதுல எழுத்து இருக்கு, பாத்திருக்கீங்களா? பவுண்டரி ஸ்டோன் லா. எல்லைக்கல். அந்தக் காலத்துல நிலத்தை அளந்து நட்டது."

குனிந்து பார்த்தேன். மாலைக்குக் கீழே, பொட்டுக்குப் பக்கத்தில், உளியால் கொத்திய ஓர் அம்புக்குறி. அதன் கீழே ஏதோ ஓர் எண், பாதி தேய்ந்து. பன்னிரண்டு வருஷம் அதன் முகத்தில் பூசியிருக்கிறேன், ஒரு தடவைகூட உற்றுப் பார்த்ததில்லை.

"ரொம்பப் பழசா?"

"ரொம்ப. இதையெல்லாம் ப்ரொடெக்ட் பண்ணணும். யாரும் கை வெக்கக் கூடாது."

"கை வெச்சா?"

"அது அஃபென்ஸ் ஆகலாம், அங்கிள்." பொட்டை நகத்தால் மெல்லச் சுரண்டினார். மூக்கருகே கொண்டுபோனார். "இது குங்குமம் மாதிரியே இல்லையே."

சனிக்கிழமை படிவத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சந்தில் அச்சகம் ஒன்றே ஒன்று. துப்பறிய நாய் தேவையில்லை.

வீட்டுக்கு வந்து கைபேசியில் சட்டம் படித்தேன். பாதி புரியவில்லை, புரியாத பாதிதான் அதிகம் பயமுறுத்தியது. மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஜெயிலுக்குப் போனா அங்கயாவது நேரத்துக்குச் சாப்பிடுவீங்க," என்றாள். பயத்துக்கு நடுவிலும் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. யாருடைய நிலத்துக்கு எல்லை அது? மாட்டுக் கொட்டகையா, செங்கல் சூளையா, யாரோ ஒரு துரையின் தோட்டமா? அம்புக்குறி எந்தப் பக்கத்தைக் காட்டியது? என் கடை எல்லைக்கு உள்ளேயா, வெளியேயா?

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் மை கரைக்கிற தின்னர் ஒரு டப்பாவும் பழந்துணியுமாகச் சந்துக்குப் போனேன். சாட்சியத்தைத் துடைத்துவிடலாம் என்று திட்டம். முப்பது வருஷம் மையோடு குடும்பம் நடத்துகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: காய்ந்த மையில் தின்னர் பட்டால் மை போகாது, ஊருக்கெல்லாம் பரவும். இரண்டு நிமிஷத்தில் கல் முழுக்க ரோஜா நிறம். குற்றவாளிகளில் என் அளவுக்குத் தடயத்தைப் பெரிதாக்கியவன் கிடையாது.

பின்னால் செருப்புச் சத்தம். பூக்கூடையோடு அக்கா.

"என்ன தம்பி, அபிஷேகமா?"

"ஆமாக்கா."

"வாசனை ஒரு மாதிரி இருக்கே. என்ன எண்ணெய்?"

"மூலிகைக்கா."

அக்கா என்னை ஒரு நொடி பார்த்தார். கூடையை வைத்துவிட்டுப் போய், காப்பிக்கடையிலிருந்து ஒரு பாக்கெட் பாலோடு வந்தார். "நல்ல நாளும் அதுவுமா, பால் இல்லாம என்ன அபிஷேகம்? ஊத்துங்க." ஊற்றினேன். ரோஜா நிறக் கல்லிலிருந்து ரோஸ்மில்க் வழிந்து சாக்கடையில் கலந்தது. அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டார். நான் கண்ணைத் திறந்தே கும்பிட்டேன். யாராவது வருகிறார்களா என்று பார்க்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை அந்தப் பெண் வந்தார். கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படிவத்தை விரித்தார். மூன்று கேள்வி. எத்தனை காலமாக வழிபாடு நடக்கிறது, யார் கவனித்துக்கொள்கிறார்கள், கல்லின் மேல் என்னென்ன பூசப்பட்டிருக்கிறது.

"எழுதி என்ன பண்ணுவீங்க?" என்றார் அக்கா.

"மேல அனுப்புவோம் ஆன்ட்டி. அரசாங்க நிலத்துல இருக்கு, அப்ப கல்லு அரசாங்கத்தோடதுதான் லா. மியூசியத்துக்குக் கொண்டு போகலாம், இங்கயே விடலாம். அவங்க முடிவு."

"கல்லு அவங்களோடதா இருக்கட்டும். சாமி யாரோடது? மியூசியத்துல யாரு விளக்கு ஏத்துவா?"

"ஸ்பாட்லைட் இருக்கும் ஆன்ட்டி."

அக்கா சிரிக்கவில்லை. "இந்தச் சாமி ரொம்பப் பழசும்மா. நூறு வருஷத்துக் கும்பிடு. அப்படியே எழுதிக்க."

அந்தப் பெண் பேனாவோடு என் பக்கம் திரும்பினார். "அப்படியா, அங்கிள்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஆமாம் என்றால், கல் நிற்கும். ஒரு வரலாற்றுப் பதிவில் என் பொய் ஏறும். இல்லை என்றால், நேற்று முளைத்த சாமிக்கு யார் மரியாதை தருவார்கள்? தூக்கிக்கொண்டு போவார்கள். அக்கா நாளைக்குக் காலையில் எங்கே விளக்கு வைப்பார்? நிலம் யாருடையது என்று சண்டை வராமல் இருக்க நட்ட கல், கடைசியில் தானே யாருடையது என்று சொல்ல முடியாமல் நின்றது.

என் வாய் எப்போதும் நகைச்சுவைக்குத்தான் திறக்கும். அன்று அது வேறு மாதிரி திறந்தது. மூத்திரத்தில் ஆரம்பித்துத் தின்னர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா முகத்தைப் பார்க்கவே இல்லை. படிவத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அக்கா குனிந்து விளக்குத் திரியைச் சரிசெய்தார்.

"தம்பி," என்றார் அக்கா, "நான் நாப்பது வருஷமா குங்குமம் விக்கிறேன். மழைக்குக் கரையாத குங்குமம் இந்தக் கல்லுக்கு மட்டும் எங்கருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

"தெரியுமாக்கா?"

"முதல் மழையிலயே தெரியும். பொட்டு வெச்சது நீங்க. எம்பொண்ணுக்காக அழுதது நான். உங்க பொட்டுகிட்டயா அழுதேன்?" பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "நூறு வருஷம்னு நான் சொன்னதும் பொய்தான். அதையும் எழுதிக்கம்மா, இவரு மட்டும் ஏன் மாட்டணும்?"

அந்தப் பெண் சிரித்தார். கைபேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். என் தின்னர் வேலையில் சிவப்பு மை கொத்திய பள்ளங்களுக்குள் இறங்கி நின்றிருந்தது. தேய்ந்த எண் இப்போது தெளிவாகத் தெரிந்தது. "இப்படிப் பண்ணவே கூடாது, அங்கிள். ஆனா நம்பரைப் படிக்க முடியுது. இதை வெச்சுப் பழைய வரைபடத்துல தேடலாம்."

படிவத்தில் 'சுமார் பன்னிரண்டு ஆண்டுகளாக வழிபாடு; தொடங்கியவர் அருகிலுள்ள அச்சகக்காரர்' என்று எழுதினார். பெயர் வேண்டாம் என்று கெஞ்சினேன். "போடும்மா," என்றார் அக்கா. "நாளைக்கு யாராவது அடிக்க வந்தா சரியான ஆளை அடிக்கணும்ல." அந்தப் பெண் போடவில்லை.

இரண்டு மாதம் கழித்து அச்சக முகவரிக்கு அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. இப்போதைக்குக் கல் இருக்கும் இடத்திலேயே இருக்கலாம்; அதன் மேல் எதையும் பூசவோ ஊற்றவோ கூடாது; இறுதி முடிவு பிறகு. ஜெயில் பற்றி ஒரு வரியும் இல்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அக்கா இப்போது விளக்கைக் கல்லிலிருந்து இரண்டடி தள்ளி, கவிழ்த்த பூத்தட்டின் மேல் வைக்கிறார். மாலையைக் கீழே தரையில் போடுகிறார். நான் தினமும் கடை திறந்ததும் முதலில் பின்கதவைத்தான் திறக்கிறேன், கல் இருக்கிறதா என்று பார்க்க. வரைபடம் இன்னும் கிடைக்கவில்லையாம். கிடைத்தால் சொல்லச் சொல்லியிருக்கிறேன். நான் யார் வீட்டு எல்லைக்குள் முப்பது வருஷமாகப் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிய வேண்டாமா?