பொத்தானை அழுத்திய பிறகு

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் என் சித்தப்பா ஜெகனின் மகள் தாட்சாயிணி, பேசிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போய்விடுவாள். ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். கண் மட்டும் வேறெங்கோ போயிருக்கும். "பாரு, கெளம்பிட்டா," என்பாள் சித்தி எல்லம்மா, கல்லில் தோசையைத் திருப்பிக்கொண்டே. "வந்து சேந்ததும் சொல்லுடி, சட்னி வெக்கறேன்."

அவள் எங்கே போகிறாள் என்பது எனக்கு ஓரளவு தெரியும். பத்தாவது வரை தமிழில் படித்தவள். பதினொன்றில் இங்கிலீஷ் மீடியம். பாடம் பழையதுதான், பெயர்கள்தான் புதிது. யாராவது 'இனர்ஷியா' என்றால், உள்ளே அறை அறையாக நடந்துபோய் 'நிலைமம்' இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் வெளியே வருவாள். அதற்குள் அடுத்த கேள்வி வந்திருக்கும்.

அறிவியல் வினாடி வினாவில் அவ்வளவு நேரம் யார் தருவார்கள்? அவளும், உடன் படிக்கும் பரத்தும் திவ்யாவும்தான் அவர்கள் படிக்கும் அரசுப் பள்ளியின் அணி. எப்படியோ வட்டாரப் போட்டியில் ஜெயித்துவிட்டார்கள். அடுத்தது மாவட்டம், பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில். அதிலும் ஜெயித்தால் மாநிலப் போட்டிக்கு மதுரை. அந்தப் பள்ளியிலிருந்து அதுவரை யாரும் போனதில்லை.

"என்னாலதான் கெடப் போவுதுண்ணா," என்றாள் முந்தின வாரம் போனில். கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு நான் தைரியம் சொன்னேன். என்னிடமே அது இல்லை. மீதியெல்லாம் பிறகு அவள் சொல்லிக் கேட்டதுதான்.

பஸ்ஸில் போகும்போது மெட்ரோ தூண்களுக்கு நடுவே வெயில் விட்டுவிட்டு விழுந்ததாம். மடியில் வெளிச்சம், நிழல், மறுபடி வெளிச்சம். பரத் முன் சீட்டிலிருந்து திரும்பினான்.

"தாச்சு, இன்னிக்கி ஒரு நாளு எங்கயும் போவாத. இங்கயே குந்திகினு இரு."

"இங்கதான்டா கீறேன்."

"ஆளு கீது. நீ கீறியா?"

கல்லூரி அரங்கில் ஏசி குளிர். கடைசிக் கேள்வி வந்தபோது அவர்களும் எதிர் அணியும் சமம். வினா கேட்கும் ராகவன் சார் இங்கிலீஷில் நிதானமாகக் கேட்டார். கதவின் கைப்பிடியைக் கீலிலிருந்து தள்ளி வைக்கிறோம். அதே பலத்தோடு தள்ளினாலும் கதவு எளிதாகத் திறக்கிறது. அங்கே கூடுவது எது?

தாட்சாயிணியின் விரல் முந்திக்கொண்டு மேசைப் பொத்தானை அழுத்திவிட்டது.

விடை எதிரே நின்றது, தமிழில். இங்கிலீஷ்ப் பெயரைக் காணோம். பத்து விநாடி. தவறவிட்டால் கேள்வி எதிர் அணிக்குப் போய்விடும், மதுரையும் அதோடு போய்விடும்.

"மொமென்டம்டி!" பரத் காதருகே கிசுகிசுத்தான். "சொல்லு, சொல்லு!"

மொமென்டம். அது உந்தம். ஓடுகிற பஸ்ஸுக்கு இருப்பது. மூடிக் கிடக்கும் கதவுக்கு ஏது உந்தம்? இவளுக்கு வேண்டியதும் கிட்டத்தட்ட அதே ஓசையில்தான் தொடங்கும். இங்கிலீஷில் அந்த இரண்டும், மொமென்டும் மொமென்டமும், அக்கா தங்கை மாதிரி ஒரே ஜாடை. தமிழில் ஒன்றுக்கொன்று அறிமுகமே கிடையாது.

"திருப்புத்திறன் சார்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"இங்கிலீஷ்ல சொல்லும்மா," என்றார் ராகவன்.

"வரல சார். ஆனா பேரு அதான்." கையால் காற்றில் திருகிக் காட்டினாள். "நட்டு இறுகிப் போச்சுன்னா ஸ்பேனர் பின்னாடி ஒரு பைப்ப சொருகுவாங்க சார். கை அதே கைதான். நீளம் கூடுச்சுன்னா திருப்புறது கூடும். கதவும் அப்டித்தான்."

ராகவன் நடுவர் ராஜகுமாரியைப் பார்த்தார். இயற்பியல் பேராசிரியை அவர்.

"சரியான விடை," என்றார் அந்த அம்மா. "எந்த மொழில சொல்லணும்னு விதியில எதுவும் போடலியே சார்."

கைதட்டல் எழுந்தது. பரத் மேசையைக் குத்தினான். திவ்யா இவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏய், மதுரைடி! மதுரை!"

மேடையில் ராகவன் விடையை அறிவிக்க மைக்கைப் பிடித்திருந்தார். "திருப்பு..." என்று தயங்கி, "திருப்புத்... திறன்," என்றார். ஒலிபெருக்கியில் அது பெரிதாகி, அரங்கின் கடைசி வரிசைவரை மெல்லப் போனது.

"இருடி," என்றாள் தாட்சாயிணி. "அவரு இன்னொரு தபா சொல்லப் போறாரு."