உள்ளே போகும் ஓம்

நான் இருக்கும் வடக்கு நோர்வேயில் பலர் ‘யா’ என்ற சொல்லை, அதாவது ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் ‘ஓமை’, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சொல்லுவார்கள். திடீரென்று ஊசி குத்தினால் வருமே, அப்படி ஒரு சத்தம். பதினொரு வருடம் மீன் தொழிற்சாலையில் இயந்திர இரைச்சலுக்குக் காதை அடைத்துக்கொண்டு நின்ற எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. கப்பலில் புது வேலையின் முதல் நாள், “இனி நான் கீழே போகலாமா?” என்று கப்டனிடம் கேட்டேன். அவர் ஒரு இழுப்பு இழுத்தார். நான் பதறிப்போய், “நெஞ்சு நோகிறதா?” என்று கேட்டுவிட்டேன். அவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். சட்டையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்தாராக்கும். “எனக்கு ஒன்றுமில்லை, உனக்கு?” என்றார்.

வேலை, வாகனங்களை ஏற்றிக்கொண்டு கடல் கடக்கும் கப்பலில். ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் ‘பாதை’ என்கிற மிதவையில் போனவர்கள், அதைப் பல மடங்கு பெரிதாக்கி, மேலே ஒரு தேத்தண்ணிக் கடையையும் வைத்துப் பார்த்தால் சரி. வாகனத் தட்டுக்குப் பொறுப்பு சீரி என்ற பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள், ஆனால் எனக்கு மேலாள். அவள் வோக்கிரோக்கியில் சொல்லச் சொல்ல, கையைக் காட்டி வாகனங்களை அந்தந்த இடத்தில் நிறுத்துவது என் வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். பதினொரு வருடம் மீன் வெட்டியவளுக்கு, பெயர் தைத்த சட்டையோடு காற்றில் நிற்கிற வேலை. இதை விடுவதாக இல்லை என்று சட்டையைப் போட்ட அன்றே முடிவெடுத்துவிட்டேன்.

நேர்முகத்தில், “தீவில் பிறந்தவளா? அப்போ கடல் உனக்குப் பழக்கம்தானே?” என்று கேட்டார்கள். ஓம் என்றேன். நெடுந்தீவில் என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். குறிகட்டுவானில் படகு ஏறினால் இறங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு, வாந்தி வராமல் தேசிக்காயை மூக்கில் பிடித்தபடி இருந்தவள் நான். இங்கேயும் முதல் கிழமை சட்டைப்பையில் ஒரு தேசிக்காய் இருந்தது. ஆனால் அந்தப் பயணங்களில் ஒன்றைப் பழகியிருந்தேன். சீமெந்துப் பைகளும் சைக்கிள்களும் சனமும் ஒரு பக்கம் கூடிப்போனால் படகு சாயும். “ஏன் எல்லாரும் உந்தப் பக்கம் குவிஞ்சு நிக்கிறியள்? இஞ்சால வாங்கோ!” என்று படகோட்டி கத்துவார். கண்ணை மூடியிருந்தாலும், அவர் கத்துவதற்கு முன்னமே என் வயிற்றுக்குத் தெரிந்துவிடும்.

என்னைக் கவிழ்த்தது கடல் இல்லை, என் ஓம்தான். நாங்கள் ஓம் சொல்வது சம்மதத்துக்கு மட்டுமா? தொலைபேசியில் ஒருவர் கதைத்துக்கொண்டிருக்க மற்றவர் “ஓம்... ஓம்... ஓம்...” என்று போட்டுக்கொண்டே இருப்பார். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. இரண்டாம் மாதம், நல்ல காற்று நாள். “அடுத்த லொறி சரியான பாரம். நடுவில் விடு, இடப்பக்கம் விடாதே” என்று சீரி சொல்லியிருக்கிறாள். காற்று இரைச்சலில் எனக்குப் பிடிபட்டவை லொறியும் இடப்பக்கமும் மட்டுமே. “யா, யா” என்றேன். லொறியை அழகாக இடப்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினேன். கப்பல் மெல்லச் சாய்ந்தது. வயிறு உடனே சொன்னது. ஆனால் மேலாள் சொன்னதைச் செய்திருக்கிறேன், என் வயிற்றை யார் கேட்டார்கள் என்று பேசாமல் நின்றேன். இப்படியே புறப்பட ஏலாது என்று கப்டன் சொல்லிவிட்டார். ஏற்றிய வாகனங்களையெல்லாம் இறக்கித் திரும்ப ஏற்றினோம். கார்க்காரர்கள் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது.

கப்டன் என்னை மேலே கூப்பிட்டார்.

“நீ யா என்றாயே?”

“கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்குச் சொன்னேன்.”

“நான் இப்போது சொல்வது விளங்குகிறதா?”

“யா” என்றேன், பழக்கதோசம்.

அவர் சிரிக்கவில்லை. “உன் யாவை நம்பி என்னால் கப்பலை எடுக்க முடியாது” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவரில் என்ன கோபம், என்னில்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர் “விளங்கிச்சோ?” என்று கேட்டால் வகுப்பு முழுக்க “ஓம் ரீச்சர்!” என்போம். “விளங்கேல்லை” என்று ஒருத்தியும் எழும்பி நின்றதில்லை. அந்த ஓமை இவ்வளவு தூரம் காவிக்கொண்டு வந்திருக்கிறேன். கட்டளையைத் திருப்பிச் சொல்லவேண்டும் என்று கப்பல் பயிற்சியில் படிப்பித்தவர்கள்தான். அதற்கும் நான் ஓம் என்று தலையாட்டியிருக்கிறேன்!

அடுத்த நாள் தொடங்கினேன். “வெள்ளைக் கார், வலப்பக்கம்” என்று சீரி சொன்னால், “வெள்ளைக் கார், வலப்பக்கம்” என்று நானும் சொன்னேன். விளங்காவிட்டால், “விளங்கவில்லை, திரும்பச் சொல்.” முதல் சில நாள் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒருநாள் ஒரே விசயத்தை நாலு தரம் கேட்டேன். சீரி பெருமூச்சு விட்டது வோக்கிரோக்கியில் கேட்டது. விடட்டும் என்று ஐந்தாம் தரமும் கேட்டேன். மீன் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போவதைவிட இது ஒன்றும் பெரிய வெட்கம் இல்லை.

ஐந்தாம் மாதம் ஒரு காலை, மரம் ஏற்றிய லொறி ஒன்றை வலப்பக்கம் விட்டிருந்தோம். அதன் பின்னாலேயே இன்னொரு பார லொறியையும் சீரி வலப்பக்கம் அனுப்பினாள். என் வயிறு திடுக்கென்றது. இந்தமுறை அதை அடக்கவில்லை. பொத்தானை அமத்தி, “நிறுத்து! வலப்பக்கம் பாரம் கூடிவிட்டது. இந்த லொறி இடப்பக்கம்” என்றேன். சொன்ன பிறகுதான் யாருக்குச் சொன்னேன் என்பது உறைத்தது. வோக்கிரோக்கியில் சீரியின் குரல்: “நிறுத்துகிறேன். இந்த லொறி இடப்பக்கம்.” இந்த நாட்டில் முதல் தடவையாக என் சொல்லை ஒருவர் எனக்குத் திருப்பிச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே லொறிக்கு இடப்பக்கம் கையைக் காட்டினேன்.

ஆறாம் மாதம் முடிய, கப்டன் ஒரு கடிதம் தந்தார். “நிரந்தரமா?” என்று கேட்டேன். மூச்சை உள்ளே இழுத்தார். நான் அவருடைய நெஞ்சை விசாரிக்கவில்லை.

மத்தியானம் இடைவேளையில், நெடுந்தீவில் மாடு வளர்க்கும் அக்காவுக்கு எடுத்தேன். சிக்னல் கிடைப்பதற்காக அவள் கல்வேலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பின்னால் மாடு கத்துவது கேட்டது.

“என்னடி, வேலை நிரந்தரமாக்கிப்போட்டாங்களோ?”

நான் பதில் சொன்னேன்.

“ஏனடி மூச்சை இழுக்கிறாய்? நெஞ்சு கிஞ்சு நோகுதோ?”

“இல்லையக்கா, ஓம் எண்டு சொன்னனான்.”

“இதென்ன கோதாரி ஓம்? ஒழுங்காச் சொல்லு.”

மூச்சை நன்றாக வெளியே விட்டு, நெடுந்தீவு ஓம் ஒன்றைச் சொல்லப் பார்த்தேன். அதுவும் பாதியில் உள்ளே போய்விட்டது.