மாமா சொன்ன ரயில்

எங்கள் தெருவுக்கு நிலத்தடி ரயில் வரப்போகிறது என்று லண்டன் மாநகரத்தில் முதலில் அறிந்தவர் என் மாமாதான். ரயில்காரருக்கே அது தெரியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. செவன் கிங்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கி பஸ் எடுத்துப் போகவேண்டிய தெரு அது. மூலையில் மாமாவின் சின்னப் பலசரக்குக் கடை, எதிரே எப்போதோ இழுத்து மூடிய பெரிய தொழிற்சாலை. பள்ளிக்கூடம் விட்டு, அம்மா வேலையால் வரும்வரை நான் கடையில்தான் இருப்பேன். ஒருநாள் ஆரஞ்சு நிற அங்கி போட்ட இருவர் வந்து, தெருநீளத்துக்கு நீல மையால் கோடுகள் போட்டு, பக்கத்தில் ஏதோ இலக்கங்களும் எழுதிவிட்டுப் போனார்கள். மாமா வெளியே போய்க் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஊரில் தண்ணீர்ப் பகுதியில், குழாய் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தவர் அவர். தெருவில் நடந்தால் கடைக் கண்ணாடிகளைப் பார்க்கமாட்டார், நிலத்தில் இருக்கும் இரும்பு மூடிகளைத்தான் பார்ப்பார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அறிவித்தார். "இஞ்சரும், எங்கடை தெருவுக்கு ரயில் வரப்போகுது. பக்கத்துக் கடை சும்மாதான் கிடக்குது. இப்பவே எடுக்கவேணும்."

"எந்தக் காசிலை?" என்று கேட்டார் மாமி.

எந்தக் காசு என்று இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். மாமி முதியோர் இல்லத்தில் ஷிப்ட் ஷிப்டாக நின்று, வீடு வாங்கவென்று சேர்த்த காசு. இருந்த வாடகை வீட்டில் மாமி மிளகாய் வறுத்தால் மேல்மாடிக்காரர் இருமிக்கொண்டே இறங்கி வந்து கதவைத் தட்டுவார். ஒருவரும் வந்து கதவு தட்டாத ஒரு குசினி வேண்டும். மாமியின் ஆசை அவ்வளவுதான்.

மாமா விடவில்லை. அந்த நாட்களில் லண்டனில் உண்மையிலேயே புதிய ரயில் பாதை தோண்டிக்கொண்டிருந்தார்கள், ஆகவே கதை நம்பும்படியாகத்தான் இருந்தது. கடைசியில் மாமி இறங்கி வந்தார்.

"செய்யுங்கோ. ஆனா ரயில் வராட்டி உங்களோடை கதைக்கமாட்டன்."

எனக்கோ கால் நிலத்தில் நிற்கவில்லை. வகுப்பு முழுக்கச் சொல்லி முடித்தேன். நிலையத்துக்கு என் பெயரை வைப்பதில் ஒருவருக்கும் ஆட்சேபணை இருக்காது என்று நானே முடிவும் கட்டிவிட்டேன்.

புதுக் கடையில் பால் காய்ச்சிய நாளில்தான் லொறி வந்தது. மாமி கேஸ் அடுப்பில் புதுப்பானை வைத்து, பால் பொங்கி வழியக் காத்துக்கொண்டிருந்தார். வெளியே பெரிய சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தோம். தண்டவாளம் ஒன்றையும் காணவில்லை. லொறி நிறைய நீலக் குழாய்கள், நான் உள்ளே தவழ்ந்து போகலாம், அவ்வளவு அகலம்.

மாமி அகப்பையும் கையுமாக வாசலில் நின்றார். "உதுக்குள்ளாலையோ உங்கடை ரயில் ஓடப்போகுது?"

மாமா குழாயின் வாயருகே போய்க் கைகளை விரித்து அளந்து பார்த்தார். பிறகு சிரித்தார். மனுசனுக்கு விசர் பிடித்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

"அந்த நீலக் கோடுகளையும் இலக்கங்களையும் கண்ட அண்டைக்கே எனக்குத் தெரியும், தண்ணிக் குழாய்தான் எண்டு. குழாய் வருது எண்டு சொல்லியிருந்தால் நீர் வீட்டுக் காசைத் தந்திருப்பீரே? இந்தத் தெருவிலை இருக்கிற நாலு சனத்துக்கு இவ்வளவு பெரிய குழாய் என்னத்துக்கு? யோசிச்சுப் பாரும்."

மாமி யோசித்தார். குழாயைப் பார்த்தார், எதிரே பூட்டிக்கிடந்த தொழிற்சாலையைப் பார்த்தார். உள்ளே பால் பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டிருந்தது.

"பொய் சொல்லிப்போட்டியள்," என்றார். அதோடு மாமாவோடு கதை முடிந்தது. உள்ளே போய்க் குங்குமம் எடுத்து வந்து புதுக் கதவுக்குப் பொட்டு வைத்தவர், அதே கையோடு ஒரு குழாய்க்கும் வைத்தார். குழாய் இறக்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் தனக்கும் வேண்டுமென்று நெற்றியைக் காட்டினார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. வகுப்பில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

மாதக்கணக்கில் தெருவைக் கிண்டிப் போட்டிருந்தார்கள். வழக்கமாக வருகிறவர்கள் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. மாமி குழாய்க்காரருக்கு உருளைக்கிழங்கு ரோல்ஸும் தேத்தண்ணியும் விற்று இரண்டு கடையையும் இழுத்துப் பிடித்தார். மாமாவோடு மட்டும் கதைக்கவேயில்லை. ஒரே மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றுகொண்டு, "மாவு முடிஞ்சுதெண்டு மாமாட்டைச் சொல்லு" என்று என்னைத் தூது விடுவார்.

தொழிற்சாலை நின்ற இடத்தில் மாடிவீடுகள் எழும்பியதும், இரண்டு கடையும் நிரம்பி வழிந்ததும், மாமி தன் சொந்தக் குசினியில் யன்னலைக்கூடத் திறக்காமல் ஆசைதீர மிளகாய் வறுத்ததும் பிறகு நடந்தவை. நான் சொல்ல வந்தது குழாயை மண்போட்டு மூடி, அதில் தண்ணீர் திறந்துவிட்ட நாளைப் பற்றி.

அன்று நான் நடைபாதையில் படுத்துக் காதை நிலத்தில் வைத்துப் பார்த்தேன். கீழே ஏதோ இரைந்து ஓடியது.

"மாமா, ரயில் சத்தம் கேக்குது!"

மாமா சிரிக்கவில்லை. எதிரே, தொழிற்சாலை முற்றத்தில் முக்காலியில் அளவுக் கருவி வைத்து இடத்தை அளந்துகொண்டிருந்த ஆட்களைப் பார்த்தபடியே சொன்னார், "ஓம் பிள்ளை. வருது."

மாமியும் வாசலுக்கு வந்து அந்த ஆட்களைப் பார்த்தார். பிறகு, என்னை நடுவில் விடாமல், நேரே மாமாவிடம், "நாளைக்கு உருளைக்கிழங்கு கூடுதலா எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார்.

நான் எழும்பித் தூசியைத் தட்டினேன். ரயில் இன்னும் வரவேயில்லை. அதற்குள் மாமி ஏன் கதைத்தார் என்று எனக்கு விளங்கவேயில்லை.