ஜில்லு அண்ணனின் உள்ளங்கை

எங்கள் தெருமுனைக் கடைக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஜில்லு அண்ணன் என்றால்தான் தெரியும். ரொட்டி, சோப்பு, முட்டை, பல்பு எல்லாம் விற்றாலும் அந்தப் பெயரை வாங்கித் தந்தவை பின்சுவரோரம் நின்ற கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜும் அவருடைய வலது உள்ளங்கையும்தான். வேலை விட்டு வருபவர்களுக்குப் பீர் எடுத்துக் கொடுக்கும் முன் பாட்டிலின் கழுத்தை ஒருமுறை பிடித்துப் பார்ப்பார். "இது இன்னும் ஜில்லுன்னு வரல. பின்வரிசையில இருக்கிறதைத் தர்றேன்" என்று கையை உள்ளே விடுவார். பின்வரிசைதான் அதிகம் குளிரும்.

நான் கடைக்கு மேல் அறையில் குடியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான் என்பதை என்னைவிட அதிகமாகத் தெருவுக்குச் சொன்னவர் அவர்தான். அதனால் புதுச் சட்டத்தின் சுற்றறிக்கை வந்ததும் அதை என் கையில் திணித்தார்.

"படிச்ச புள்ள, நீ சொல்லு தம்பி. என்னதான் வேணுமாம் அவங்களுக்கு?"

தெருக் கடைகளில் பீர் விற்கலாம், ஆனால் குளிர்ந்த பீர் விற்கக் கூடாது. வாங்கியவன் வாசலிலேயே திறந்து குடிப்பதைத் தடுக்கவாம். குளிர்ந்தது வேண்டுமானால் நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கும் பெரிய மதுக்கடைக்குப் போக வேண்டும். மீறினால் கடையை மூடி முத்திரை வைப்பார்கள். வாசித்து முடித்துவிட்டு, பீர் விற்பதையே விட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன்.

"பீர் வாங்க வர்றவன்தான் தம்பி ரொட்டியும் வாங்குறான். அவன் வரலைன்னா நானும் உங்க அக்காவும் இந்த ஷட்டரை இறக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

அன்றே ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். அதுவரை காதில் விழாமலே இருந்த அதன் உறுமல் நின்றதும், கடைக்குள் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது.

வெயில் காலம் முழுக்க ஆட்கள் நெடுஞ்சாலையைத் தாண்டிப் போனார்கள். பட்டறை வெல்டர் மட்டும் விசுவாசமாக வந்து திட்டிவிட்டு வாங்கிப் போவார்.

"அண்ணே, இது பீரா, இருமல் மருந்தா?"

"ரெண்டு மூடி குடி. இருமலும் போகும், உன் வாய்க்கொழுப்பும் போகும்" என்பார் அண்ணன்.

கல்லாவிலிருந்து அண்ணனின் மனைவி, தெருவுக்கே அக்கா, "அது எங்கங்க போகும்? கூடவே பொறந்தது" என்று முடித்துவைப்பார்.

பிறகு குளிர்காலம் வந்தது. கடையின் சுவர்கள் ஈரத்துணி போல் சில்லிட்டன. அலமாரியில் சும்மா நின்ற பாட்டில்கள் தாமாகவே குளிர்ந்தன. ஒவ்வொருவராகப் பழைய முகங்கள் திரும்பின. "சட்டம் போட்டவன் பனியை மறந்துட்டான்" என்று வெல்டர் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததைக் கடைசியாகப் பார்த்தது அந்த வாரம்தான்.

பாலத்தடிக் கடைக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். அந்தக் கடைக்காரர் வந்து அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"என் கடையில ஃப்ரிட்ஜே கிடையாதுன்னு சொன்னேன். அந்த ஆபீசர் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார். 'சட்டம் ஃப்ரிட்ஜைப் பத்திப் பேசல, பாட்டிலைப் பத்தித்தான் பேசுது'ன்னுட்டார். சத்தம்கூடப் போடல அந்த ஆளு."

எழுந்து போகும்போது அலமாரியில் ஒரு பாட்டிலைத் தொட்டார். "உன்னோடதும் ஜில்லுன்னுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாள் அண்ணன் ஒரு சின்ன மின்சார ஹீட்டர் வாங்கி வந்தார். திறந்த அலமாரியில் சூடு நிற்காது என்று கண்டுகொண்டார். குளிரை வெளியே விடாத பெட்டி சூட்டையும் விடாதுதானே? பாட்டில்களை எல்லாம் பழையபடி ஃப்ரிட்ஜுக்குள் அடுக்கி, பின்வரிசைக்குப் பின்னால் ஹீட்டரை வைத்துக் கதவைச் சாத்தினார். கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பாக ஒரு கோடு எரிந்தது. ரப்பர் இளகும் வாடை ரொட்டியில்கூட ஏறியது.

"ஏங்க, அதுக்குள்ள போய் நெருப்பை வைக்கிறீங்களே" என்றார் அக்கா.

"நெருப்பு இல்ல. வெதுவெதுப்பு. அந்த ஆளு வந்துட்டுப் போற வரைக்கும்தான்."

அந்த ஆள் வரவில்லை. அறிமுகமில்லாத யார் உள்ளே வந்தாலும் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அண்ணன் அவர்கள் கையைப் பார்க்கத் தொடங்கினார். மீட்டர் பார்க்க வந்தவருக்கு நாற்காலி போட்டு உபசரித்தார். ஒருநாள் காலை கடையைத் திறந்தபோது ஃப்ரிட்ஜுக்கு அடியில் நுரை காய்ந்து கிடந்தது. உள்ளே ஒரு பாட்டில் தானாகவே வெடித்திருந்தது. எலி தட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே துடைத்தார்.

வெல்டர் குனிந்து ஒரு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். அன்று அவர் கேலி பேசவில்லை.

"எல்லாம் கழுவிக் கழுவித் திரும்பி வர்ற பாட்டில் அண்ணே. தோள்ல வெள்ளையா வளையம் விழுந்திருக்கு பாருங்க. உள்ள கேஸ் வேற. நானா இருந்தா இதைச் சூட்டுப் பக்கமே கொண்டுபோக மாட்டேன்."

"உனக்குக் கடை இல்லடா" என்றார் அண்ணன்.

எனக்கு விடுமுறையான ஒரு பிற்பகல். சோப்பு வாங்க இறங்கி வந்தேன். எனக்கு முன்னால் ஒல்லியான ஒருவர் நின்றிருந்தார். துவைத்துத் தேய்த்த சட்டை, அமைதியான குரல். முதலில் ஒரு ரொட்டி வாங்கினார். பிறகு வலது கையிலிருந்த கையுறையை மெல்லக் கழற்றினார்.

"அப்படியே ஒரு பீரும்."

வந்திருப்பது அந்த ஆபீசர் என்று அண்ணனுக்கு விளங்கிவிட்டது. கதவைத் திறந்தார். அனல் என் முகம் வரை வந்தது. முன்வரிசையிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தால் போதும். பழக்க தோஷம், கை தானாகப் பின்வரிசைக்குப் போனது. ஹீட்டரை ஒட்டி நின்ற பாட்டிலின் கழுத்தைப் பிடித்து, எத்தனையோ வருடங்களாகச் செய்தது போலவே, உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தார்.

பாட்டில் கையிலேயே வெடித்தது. சத்தம் பெரிதாக இல்லை. நுரை வெள்ளையாகத்தான் வழிய ஆரம்பித்தது.

அக்கா துண்டைக் கொண்டு ஓடிவந்தார். நான் ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். அந்த மனிதர் அண்ணனின் தோளைத் தாங்கிப் பிடித்தபடியே, மறுகையின் இரண்டு விரலால் முன்வரிசைப் பாட்டில் ஒன்றைத் தொட்டார். தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வழியில் அண்ணனிடம், "உங்க கடையில தப்பு ஒண்ணும் இல்ல, கவலைப்படாதீங்க" என்று ஆறுதலும் சொன்னாராம்.

தையல் பிரித்துவிட்டார்கள். விரல்கள் மடங்குகின்றன. ஆனால் உள்ளங்கைக்குச் சூடும் குளிரும் தெரியவில்லை. நரம்பு போனது போனதுதான் என்றார் டாக்டர்.

ஹீட்டரை அக்கா குப்பையில் போட்டுவிட்டார். குளிர்காலம் இன்னும் முடியவில்லை. பாட்டில்களுக்குக் கம்பளி போர்த்தி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். நேற்று வெல்டர் கேட்டபோது அண்ணன் ஒன்றை எடுத்து வலது கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு அக்காவிடம் நீட்டினார். அக்கா தொட்டுப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"ஜில்லுன்னு இருக்கு."

அண்ணன் அதை மீண்டும் கம்பளிக்குள் வைத்து மூடினார். இன்னொன்றை எடுத்தார். அப்போது வாசலில் யாரோ ஒரு புது ஆள், உள்ளே வந்தபடியே கையுறையைக் கழற்றினார். அண்ணன் பாட்டிலை அக்காவின் பக்கம் நீட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.