பாயின் அடிக்கழி

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மழைக்கு ஒதுங்கியபோது, கடைக்கு மேல் கட்டியிருந்த கித்தானின் ஈர வாசனை என்னை ஓக்லாவுக்கு, யமுனை நுரை தள்ளாத காலத்து ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கொண்டுபோய்விட்டது. அப்பாவின் அலுவலக நண்பர்கள் சேர்ந்து வைத்திருந்த படகு சின்னது. பாய்மரத்தை நட்டுக் கித்தான் பாயை ஏற்றிக் கயிறு கட்டினால் போதும், அது மிதந்து போகும். பாயின் அடிவிளிம்பை விறைப்பாகப் பிடிக்கும் கழியையும் பூட்டினால் பறக்கும். பூட்டாவிட்டால் பாய் தொளதொளவென்று உப்பிக்கொண்டு சோம்பலாய் நகரும். படகு திரும்பும்போதெல்லாம் அந்தக் கழி தலைக்கு மேல் விசுக்கென்று வீசும் என்பதால் அம்மா ஏறும் முன்பே சொல்லிவிடுவாள்: "அந்தக் கட்டை இருந்தா நான் வரலை."

"அச்சா, எடுத்தாச்சு" என்று அப்பா அதைக் கரைப் புல்லில் கிடத்துவார், ஆற்றில் போகும்போது திரும்பித் திரும்பி அதையே பார்ப்பார்.

ஜோத்பூருக்கு மாற்றல் வந்து, கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, அம்மாவே கழியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இதையும் மாட்டுங்கோ. அங்கே வெறும் மணல்தானாம்."

படகு திரும்பியபோது, அப்பா சொல்லும் முன்பே குனிந்துகொண்டாள். நிமிர்ந்தபோது கொண்டை அவிழ்ந்து முகமெல்லாம் முடி.

"ஜல்தி, இன்னொரு தடவை திருப்புங்கோ!"